பாயின்செட்டியாவை ஆண்டு முழுதும் வளர்ப்பது எப்படி?

டிசம்பர் நெருங்கும்போது செடிக்கடைகளின் முன்வரிசையை நிறைக்கும் பாயின்செட்டியாவை வாங்குவோரில் பலர் அதைப் பண்டிகைக்கால அலங்காரப் பொருளாகவே நினைக்கிறார்கள். சில வாரங்கள் கூடத்து மேசையில் வைத்து அழகு பார்த்துவிட்டு, இலைகள் உதிரத் தொடங்கியதும் தொட்டியோடு வெளியே போட்டுவிடுகிறார்கள். உண்மையில் அது பல்லாண்டு வாழக்கூடிய புதர்ச்செடி. மெக்சிகோவின் பசிபிக் பக்கத்து மலைச்சரிவுகளிலும் அவற்றை அடுத்த மத்திய அமெரிக்கப் பகுதிகளிலும் காட்டுச்செடியாக வளரும் இது, அங்கே மூன்று நான்கு மீட்டர் உயரம்வரை நிமிர்ந்து நிற்கும். மெக்சிகோவில் அமெரிக்கத் தூதராக இருந்த ஜோயல் ராபர்ட்ஸ் பாயின்செட் 1820களின் இறுதியில் இதைத் தென் கரோலினாவில் இருந்த தம் தோட்டத்துக்கு அனுப்பிவைத்தார். அதன் பிறகுதான் இது தோட்டக்காரர்களின் கைக்கு வந்து, பின்னர் தொட்டிச் செடியாகவும் மாறியது.

மழைநீர் தேங்காமல் வழிந்தோடும் சரிவும், மழை ஓய்ந்த பிறகு வரும் நீண்ட இரவுகளும் இதன் சொந்த வாழ்க்கைச் சூழல். வீட்டுக்குள் இதைக் கெடுக்கும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றை மறந்ததால் நேர்பவையே. வேருக்குக் காற்று, பூப்பதற்கு இருட்டு என்ற இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால், மற்ற பராமரிப்பு வேலைகள் ஏறத்தாழ எல்லா வீட்டுச் செடிகளுக்கும் செய்வனதாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

சிவப்பு, இளஞ்சிவப்பு, வெண்மஞ்சள் நிறங்களில் விரிந்திருப்பவை பூவிதழ்கள் அல்ல. நிறம் மாறிய இலைகளான பூவடிச் செதில்கள். உண்மையான பூக்கள் அவற்றின் நடுவே கொத்தாக இருக்கும், பட்டாணியைவிடச் சிறிய, பச்சையும் மஞ்சளும் கலந்த மொட்டுகள். அருகில் சென்று பார்த்தால் ஒவ்வொரு மொட்டின் பக்கவாட்டிலும் இரண்டு உதடுகள் குவிந்தாற்போன்ற மஞ்சள் நிறத் தேன்சுரப்பி தெரியும். சிலவற்றில் பளபளக்கும் தேன்துளியும் நிற்கும். செடியைத் தேர்ந்தெடுப்பதற்கு இந்த மொட்டுகளே சிறந்த அடையாளம். அவை இறுக மூடியிருந்தால் செடி இளமையானது, வண்ணம் பல வாரங்கள் நிலைக்கும். மொட்டுகள் விரிந்து மகரந்தம் சிந்திக்கொண்டிருந்தாலோ, உதிர்ந்து வெறும் காம்புகள் மட்டும் எஞ்சியிருந்தாலோ, அந்தச் செடியின் அழகுக்காலம் பெரும்பாலும் கடையிலேயே கழிந்துவிட்டது என்று பொருள்.

அடுத்துக் கீழ்ப்பகுதியைப் பார்க்க வேண்டும். மண்ணுக்கு அருகில்வரை கரும்பச்சை இலைகள் இருப்பது நல்ல வேரின் அறிகுறி. தண்டின் அடிப்பகுதி மொட்டையாக இருப்பது பெரும்பாலும் தண்ணீர்த் தொல்லையையோ வெளிச்சக் குறைவையோ காட்டுகிறது. ஓரிரு இலைகளைத் திருப்பி அடிப்புறத்தையும் பார்த்துவிடுங்கள். அங்கே வெண்மையான சிறு பூச்சிகள் எழுந்து பறந்தால் அந்தச் செடியை மட்டுமன்றி, அதற்கு அடுத்து நிற்பதையும் விட்டுவிடுவது நல்லது. நீலம், கத்தரிப்பூ நிறம் போன்றவற்றில் விற்கப்படும் செடிகள் வெளிர்நிறச் செடிகளின்மீது சாயம் தெளிக்கப்பட்டவை. அடுத்த ஆண்டு அவை தம் இயல்பான வெண்மஞ்சள் நிறத்திலேயே பூக்கும் என்பதை அறிந்து வாங்குவதில் தவறில்லை.

வீட்டுக்குக் கொண்டுவரும் வழியில் குளிர்காற்று படாதபடி தாளிலோ உறையிலோ மூடிக்கொண்டு வர வேண்டும். வந்து சேர்ந்ததும் அந்த உறையை உடனே நீக்கிவிட வேண்டும். மூடிய உறைக்குள் வெகுநேரம் இருந்தால், செடி தானே வெளியிடும் எத்திலீன் வாயு உள்ளேயே தங்கி, இலைக்காம்புகள் கீழ்நோக்கி வளைந்துவிடும். பார்ப்பதற்குத் தண்ணீர் இல்லாமல் வாடியதுபோலத் தெரிவதால், பலர் அப்போதே ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிவிடுகிறார்கள். அதற்கு அப்போது தேவை காற்றோட்டம் மட்டுமே. ஓரிரு நாளில் காம்புகள் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். பழுக்கும் பழங்களும் இதே வாயுவை வெளியிடுவதால், பழக்கூடைக்கு அருகில் இந்தச் செடியை வைக்காமல் இருப்பது அதன் இலைகளுக்கு நல்லது.

வெளிச்சமும் வெப்பமும்

நாள்தோறும் ஆறு மணி நேரமாவது நல்ல வெளிச்சம் விழும் சன்னலோரமே இதற்கு உகந்த இடம். காலை வெயில் நேரடியாகப் பட்டாலும் கேடில்லை. நண்பகல் வெயில் கடுமையாக இருக்கும் இடங்களில் மட்டும் மெல்லிய திரை ஒன்று இருக்கட்டும். அறையின் நடுவில், வெளிச்சம் குறைந்த மேசையில் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், விருந்தினர் வரும் சில நாள்களுக்கு அப்படி வைத்துவிட்டு மீண்டும் சன்னலோரத்துக்கே கொண்டுபோய்விடலாம்.

பகலில் 18 முதல் 24 டிகிரி செல்சியஸ், இரவில் 15 முதல் 18 டிகிரி என்ற அளவு இதற்கு வசதியானது. 10 டிகிரிக்குக் கீழே சென்றால் உறைபனி இல்லாதபோதும் இலைகள் பாதிக்கப்பட்டு உதிரும். திறந்து மூடும் வாசற்கதவின் காற்று, குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும் இலை, அறைக் குளிரூட்டியிலிருந்து (ஏ.சி.) நேராக வீசும் காற்று, வெப்பமூட்டியின் அனல் ஆகிய நான்கும் இச்செடிக்கு ஆகாதவை. செடி ஓரிடத்தில் நன்றாக இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், அழகுக்காக அதை இடம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம். சூழல் திடீரென மாறும்போது இலை உதிர்ப்பதே இதன் முதல் மறுமொழி. காற்று மிகவும் உலர்ந்திருக்கும் அறைகளில், கூழாங்கற்களும் சிறிது நீரும் நிரப்பிய தட்டின்மேல், தொட்டியின் அடி நீரில் படாதவாறு வைப்பதால் சிறிது பயன் உண்டு. இலைமீது நீர் தெளிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. ஈரமாகவே இருக்கும் வண்ணச் செதில்களில் சாம்பல் பூசணம் எளிதில் பற்றிக்கொள்ளும்.

தண்ணீர்: பெரும்பாலான செடிகள் மடியும் இடம்

வீட்டுக்குள் இறக்கும் பாயின்செட்டியாக்களில் பெரும்பங்கு, தண்ணீர் கிடைக்காமல் இறப்பவை அல்ல. அன்பு மிகுந்து தண்ணீர் ஊற்றப்பட்டு இறப்பவை. இதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. தண்ணீர் போதாத செடியும் வாடித் தொங்கும். வேர் அழுகிய செடியும் அதேபோல வாடித் தொங்கும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது என்பதால், சேற்றில் நிற்கும் செடியின் இலைகளும் தாகத்தால்தான் தளர்கின்றன. அதைக் கண்டு மேலும் தண்ணீர் ஊற்றுபவர், எஞ்சியிருக்கும் நல்ல வேர்களையும் மூழ்கடித்துவிடுகிறார். ஆகவே, இலையைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றக் கூடாது. மண்ணைத் தொட்டுப் பார்த்தே ஊற்ற வேண்டும்.

விரலின் முதல் கணு அளவுக்கு மண்ணுக்குள் நுழைத்துப் பாருங்கள். மேல்மண் உலர்ந்து, உதிரியாக இருந்தால் ஊற்றலாம். குளிர்ச்சியாகவும் விரலில் ஒட்டுவதாகவும் இருந்தால் பொறுத்திருக்க வேண்டும். தொட்டியைத் தூக்கிப் பார்ப்பது இதைவிடவும் நம்பகமான வழி. நன்றாகத் தண்ணீர் ஊற்றி வடிந்த பிறகு ஒருமுறையும், மேல்மண் உலர்ந்த நிலையில் ஒருமுறையும் தூக்கிப் பார்த்தால், இரண்டு எடைகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கை விரைவிலேயே கற்றுக்கொள்ளும். வாரத்துக்கு இத்தனை முறை என்று நாள் குறித்துக்கொண்டு ஊற்றுவது சரிவராது. ஏனெனில் தொட்டியின் அளவு, அறையின் வெப்பம், வெளிச்சம், செடியின் இலைப்பரப்பு ஆகியவற்றைப் பொறுத்து அந்த இடைவெளி மாறிக்கொண்டே இருக்கும்.

ஊற்றும்போது அரைகுறையாக ஊற்றாமல், அடித்துளை வழியாகத் தண்ணீர் வெளியேறும்வரை, அறை வெப்பநிலையில் உள்ள நீரை மண்ணின் மேற்பரப்பு முழுவதும் பரவுமாறு ஊற்ற வேண்டும். கால்மணி நேரம் கழித்துத் தட்டில் தேங்கியிருப்பதைக் கொட்டிவிட வேண்டும். இங்கே அந்தப் பளபளப்பான அலங்காரத் தாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பண்டிகைக்காலச் செடிகளின் தொட்டியைச் சுற்றி விற்பனையாளர்கள் கட்டித்தரும் அந்தத் தாள், வடிகால் துளையை அடைத்து, உள்ளே ஒரு சிறு குளத்தை உருவாக்கிவிடுகிறது. அதை நீக்கிவிடலாம், அழகுக்காக வேண்டுமென்றால் அடியில் கிழித்துவிட்டு, கீழே ஒரு தட்டு வைத்துக்கொள்ளலாம்.

அதிக நீரால் வாடிய செடியைக் காப்பாற்ற முடியுமா என்பது வேரைப் பார்த்தால்தான் தெரியும். செடியைத் தொட்டியிலிருந்து மெல்லக் கழற்றிப் பாருங்கள். வேர்கள் வெண்மையாகவும் உறுதியாகவும் இருந்தால், உலரவிட்டாலே போதும். பழுப்பாகி, இழுத்தால் மேல்தோல் கையோடு உருவி வந்து உள்ளே நூல்போன்ற நரம்பு மட்டும் எஞ்சினால், அது வேரழுகல். அழுகியவற்றை வெட்டி நீக்கி, புதிய மண்கலவையில் சற்றுச் சிறிய தொட்டியில் நட்டு, தளிர் விடும்வரை மிகக் குறைவாகத் தண்ணீர் கொடுத்துப் பார்க்கலாம். பாதிக்கு மேல் வேர் போயிருந்தால், நல்ல தண்டு ஒன்றை வெட்டிப் புதிய செடியாக வளர்ப்பதே அறிவுடைமை.

பாலும் நச்சு பற்றிய அச்சமும்

ஆமணக்கும் கள்ளிகளும் அடங்கிய தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், இதன் தண்டையோ இலையையோ ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும். அந்தப் பால் சிலருக்குத் தோல் அரிப்பையும் தடிப்பையும் தரும். கண்ணில் பட்டால் எரிச்சல் உண்டாகும். இயற்கை ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் கூடுதல் கவனத்தோடு கையுறை அணிந்து இதைக் கையாள வேண்டும். கவாத்து செய்யும் நாளில் கையுறையும், முடிந்ததும் சோப்பு போட்டுக் கைகழுவுவதும் எல்லோருக்கும் பொருந்தும்.

ஆனால் இது உயிரைப் பறிக்கும் நச்சுச்செடி என்ற பரவலான நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. ஹவாயில் 1919ஆம் ஆண்டு இதன் இலையைத் தின்ற ஒரு குழந்தை இறந்ததாகச் சொல்லப்பட்ட கதையிலிருந்து இது பரவியது. அந்த நிகழ்வு மெய்ப்பிக்கப்பட்டதே இல்லை. அமெரிக்க நச்சுத் தகவல் மையங்களில் பதிவான, இச்செடி தொடர்பான 22,793 நிகழ்வுகளை ஆராய்ந்து 1996இல் வெளியான ஆய்வில் ஒரு மரணம்கூட இல்லை; பத்தில் ஒன்பது பேருக்கு மேல் எந்தப் பாதிப்பும் ஏற்படவில்லை. தின்றுவிட்ட நாய்க்கும் பூனைக்கும் எச்சில் வடிதல், வாந்தி போன்ற உபாதைகள் வரலாம். எனவே, தவழும் குழந்தையும் இலை மெல்லும் பூனையும் உள்ள வீட்டில் எட்டாத உயரத்தில் வைப்பது பொருத்தமான எச்சரிக்கை. வீட்டுக்குள்ளேயே கொண்டுவராமல் இருக்க வேண்டிய தேவை இல்லை.

வண்ணம் மங்கிய பிறகு

வண்ணச் செதில்கள் வெளிறி உதிரும் காலம், வட பாதிக்கோளத்தில் பெரும்பாலும் மார்ச் அல்லது ஏப்ரலில் வருகிறது. செடி இறந்துகொண்டிருக்கிறது என்று பலர் முடிவுகட்டுவது இப்போதுதான். இது ஓய்வுக்காலம் மட்டுமே. தண்ணீரைச் சற்றுக் குறைத்து, மண் முழுவதும் உலர்ந்து தண்டு சுருங்கிவிடாத அளவுக்கு மட்டும் ஊற்றி வர வேண்டும். பிறகு ஒவ்வொரு தண்டையும் மண்ணிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் உயரத்தில், மூன்று நான்கு கணுக்கள் எஞ்சுமாறு கூர்மையான கத்தரியால் வெட்டிவிடுங்கள். வெட்டியதும் எஞ்சி நிற்கும் குச்சிகளைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும்; ஆனால் இந்தக் கவாத்தில் தயங்குபவரின் செடிதான் பின்னர் மேலே சில இலைகளோடும் கீழே வெறுந்தண்டோடும் ஒல்லியாக நிற்கிறது. வெட்டுவாயில் வடியும் பாலைக் குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்தால் நின்றுவிடும். ஓரிரு வாரங்களில் கணுக்களில் சிவந்த சிறு முளைகள் புடைத்து வரும்.

தளிர் வந்ததும் தொட்டி மாற்றலாம். பழைய தொட்டியைவிட விட்டத்தில் மூன்று நான்கு சென்டிமீட்டர் மட்டுமே பெரிய தொட்டி போதும்; மிகப் பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து அழுகலை வரவழைக்கும். தென்னை நார்க்கழிவு அல்லது கரிமப்பொருள் மிகுந்த தொட்டிமண்ணோடு, பெர்லைட் என்னும் இலேசான வெண்கல் துகளோ பருமணலோ கலந்து, கையில் பிடித்தால் கட்டியாகாமல் உதிரும் கலவையே ஏற்றது. இலேசான அமிலத்தன்மை, அதாவது காரஅமில நிலை (pH) 6-க்கு அருகில் இருப்பது இதற்குப் பிடிக்கும்.

உரம் வளர்ச்சிக்காலத்துக்கு மட்டும் உரியது. தளிர் விட்டதிலிருந்து இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை, தழை, மணி, சாம்பல் சத்துகள் (N, P, K) சமமாக உள்ள திரவ உரத்தைப் பாதி அளவில் கரைத்து ஊற்றலாம். முதிர்ந்த இலைகளில் நரம்புகள் பச்சையாக இருக்க, இடைப்பகுதி மஞ்சளானால் அது மக்னீசியக் குறைபாடு. இலையோரம் மஞ்சளாகி மேல்நோக்கிச் சுருண்டால் மாலிப்டினக் குறைபாட்டை ஐயுறலாம். மற்றச் செடிகளில் அரிதாகவே காணும் இந்தக் குறைபாடு பாயின்செட்டியாவில் எளிதாக வருவது. நுண்ணூட்டச் சத்துகளும் அடங்கிய உரத்தைத் தேர்ந்தெடுத்தால் இரண்டுக்கும் சேர்த்தே வழி பிறக்கும். வண்ணச் செதில்களின் ஓரம் கருகுவதற்குச் சுண்ணாம்புச்சத்து போதாமை ஒரு காரணமாக இருக்கிறது. செடி முழு வண்ணத்தில் நிற்கும் வாரங்களில் உரமே வேண்டாம்.

இரவு வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே இறங்காத காலம் வந்ததும் செடியை வெளியே கொண்டுபோகலாம்; அது வீட்டுக்குள் இருப்பதைவிட அங்கே திடமாக வளரும். முதல் பத்து நாள்கள் நிழலிலும், பிறகு காலை வெயில் மட்டும் படும் இடத்திலும் வைத்துப் பழக்க வேண்டும். புதுக்கிளைகள் 10 முதல் 15 சென்டிமீட்டர் வளர்ந்ததும் ஒவ்வொன்றின் நுனியையும் கிள்ளிவிட்டு, கீழே நான்கு ஐந்து இலைகளை விட்டுவைத்தால், அந்த இலைக்கக்கங்களிலிருந்து பக்கக்கிளைகள் பிரியும். எத்தனை கிளை நுனிகளோ அத்தனை வண்ணக்கொத்துகள் என்பதால் இந்த வேலைக்கு நேரடிப் பயன் உண்டு. இரண்டு மூன்று முறை கிள்ளலாம். ஆனால் ஆகஸ்டு இறுதிக்குப் பிறகு கிள்ளினால், பூப்பதற்கு முன் கிளை வளரக் காலம் போதாது.

இவ்வளவு செய்த பிறகும் இரண்டாம் ஆண்டுச் செடி கடையில் பார்த்ததைவிட உயரமாகவும் கிளைகள் பரந்தும் இருக்கும். அது உங்கள் குறையன்று. வணிகப் பண்ணைகளில் வளர்ச்சியை மட்டுப்படுத்தும் மருந்துகளைக் கொடுத்தே செடியைக் குட்டையாக வைத்திருக்கிறார்கள். கிளைகள் அடர்ந்து வருவதற்கும் வேறொரு கதை உண்டு. கலிபோர்னியாவில் பாயின்செட்டியா வளர்த்து விற்ற எக்கே குடும்பத்தினர் இரண்டு வகைகளை ஒட்டுக்கட்டி அடர்ந்த செடிகளை உருவாக்கும் முறையை நெடுங்காலம் தொழில் இரகசியமாகவே காத்துவந்தார்கள். ஒட்டின் வழியே செடிக்குச் செடி பரவிய பைட்டோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரியே அந்த அடர்த்திக்குக் காரணம் என்பது 1990களில்தான் தெளிவாயிற்று. ஒரு தொற்றை அழகாக்கி விற்கும் செடி வேறு உண்டா என்று யோசித்துப் பார்க்கலாம்.

மீண்டும் சிவக்கச் செய்வது

பாயின்செட்டியா ஒரு குறும்பகல் தாவரம். பகலின் நீளத்தை அளப்பதுபோலத் தோன்றினாலும், அது உண்மையில் அளப்பது இடையறாத இருட்டின் நீளத்தையே. இரவு ஏறத்தாழ 12 மணி நேரத்தைத் தாண்டும்போது கிளை நுனிகள் இலை விடுவதை நிறுத்திப் பூமொட்டுக்கு மாறத் தொடங்குகின்றன. வீட்டில் செய்யும்போது 14 மணி நேர இருட்டு கொடுத்துவிட்டால் ஐயத்துக்கு இடமில்லை. வட பாதிக்கோளத்தில் செப்டம்பர் இறுதி அல்லது அக்டோபர் முதல் நாளில் தொடங்கி, எட்டு முதல் பத்து வாரங்கள், மாலை 5 மணிமுதல் காலை 7 அல்லது 8 மணிவரை முழு இருட்டில் வைக்க வேண்டும். தென் பாதிக்கோளத்தில் இயற்கையாக இது சிவப்பது ஆண்டின் நடுப்பகுதிக் குளிர்காலத்தில்தான். அங்கே டிசம்பரில் வண்ணம் வேண்டுமானால், நீண்ட பகல்களுக்கு இடையே செயற்கையாக இருட்டடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

முழு இருட்டு என்றால் முழு இருட்டேதான். இலைகளில் உள்ள பைட்டோகுரோம் என்னும் ஒளியுணர் நிறமி, சிவப்பொளி படும்போது பகல் வடிவத்துக்கு மாறிவிடுகிறது. நள்ளிரவில் சில நிமிடங்கள் விளக்கு எரிந்தாலும் செடியின் கணக்கில் ஒரு நீண்ட இரவு இரண்டு குட்டை இரவுகளாக உடைந்துவிடும். சன்னல் வழியே விழும் தெருவிளக்கின் ஒளி, கூடத்து விளக்கைப் போட்டு அணைப்பது, அலமாரிக் கதவின் இடுக்கு வழியே வரும் கீற்று ஆகிய யாவும் இடையூறுகளே. ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடலாம்; காற்றோட்டம் உள்ள இருட்டறையில் வைக்கலாம். பெட்டியைப் பயன்படுத்துவோர், பகல் நேரத்தில் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து உள்ளிருந்து பார்த்தால், மூலைகளில் ஒளி கசிகிறதா என்பது உடனே தெரிந்துவிடும். கசியும் இடங்களில் கறுப்பு நாடாவை ஒட்டிவிடலாம்.

இருட்டுக்குத் தரும் அதே கவனத்தைப் பகலுக்கும் தர வேண்டும் என்பதைப் பலர் மறக்கிறார்கள். காலையில் பெட்டியை நீக்கியதும் செடி அன்று முழுவதும் மிக நல்ல வெளிச்சத்தில் இருக்க வேண்டும். செதில்களைச் சிவப்பாக்கும் நிறமி உருவாக, இலைகள் பகலில் தயாரிக்கும் சர்க்கரை தேவை. நாள் முழுவதும் மங்கலான அறையில் இருந்த செடி இருட்டை எவ்வளவு ஒழுங்காகப் பெற்றாலும் வெளிறிய, சிறுத்த செதில்களையே தரும். இரவு வெப்பமும் முக்கியமானது. 15 முதல் 18 டிகிரி சிறந்தது. இரவும் 22 டிகிரிக்கு மேலேயே இருந்தால் பூமொட்டு உருவாவது தள்ளிப்போகும். வெப்பம் மிகுந்த இடங்களில் ஒழுங்காக மூடிவைத்தும் செடி பச்சையாகவே நிற்பதற்கு இதுவே முதல் காரணம். பெட்டிக்குள் வெப்பம் தங்காமல் இருக்கச் சூரியன் மறைந்த பிறகு மூடிக் காலையில் சற்றுத் தாமதமாகத் திறப்பது உதவும்.

ஏறத்தாழ ஒரு மாதத்தில் நுனியிலை ஒன்றின் நடுநரம்பை ஒட்டிச் சிவப்பு ஊறத் தொடங்குவதைக் காணலாம். செதில்கள் நன்றாக விரிந்து நிறம் பெற்று, நடுவில் மொட்டுகள் தெளிவாகத் தெரிந்த பிறகு மூடுவதை நிறுத்தலாம். இடையில் ஓரிரு இரவுகள் மறந்துவிட்டால் எல்லாம் பாழாகிவிடாது, தாமதமாகும். ஆனால் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை மறப்பவர் முயற்சியைத் தொடராமல் இருப்பதே நல்லது. இரண்டு மாதங்கள் அட்டைப்பெட்டியோடு மல்லுக்கட்ட மனமில்லாதவர்கள் இருட்டுப் பயிற்சியையே விட்டுவிட்டு, அகன்ற கரும்பச்சை இலைகளுக்காக மட்டும் இதை வளர்ப்பதையும் நான் முழுமையாக ஆதரிக்கிறேன். இரவில் விளக்கே எரியாத அறை ஒன்று வீட்டில் இருந்தால், அங்கே சன்னலோரத்தில் வைத்த செடி யார் உதவியும் இன்றி, சற்றுத் தாமதமாகத் தானே சிவப்பதும் உண்டு.

பூச்சிகள்

வெள்ளை ஈ இதன் நிரந்தர எதிரி. செடியை மெல்ல அசைத்தால் தூசிபோல எழுந்து மீண்டும் இலைக்கு அடியில் போய் அமரும். பறப்பவற்றை மஞ்சள் ஒட்டுப்பொறி பிடிக்கும். இலையின் அடிப்புறத்தில் அசையாமல் ஒட்டியிருக்கும் இளம்பருவப் பூச்சிகள் அதில் சிக்குவதில்லை. பூச்சிக்கென்று விற்கப்படும் சோப்புக் கரைசலையோ வேப்பெண்ணெய்க் கரைசலையோ இலைகளின் அடிப்புறம் நனையுமாறு, வாரத்துக்கு ஒருமுறையாக மூன்று நான்கு வாரங்கள் தெளித்தால்தான் புதிதாகப் பொரிப்பவையும் ஒழியும். செதில்கள் நிறத்தோடு இருக்கும்போது தெளித்தால் கறை படியும் என்பதால், அந்தக் காலத்தில் ஈரத்துணியால் இலைகளின் அடியைத் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கணுக்களில் பஞ்சுபோல ஒட்டும் மாவுப்பூச்சியை ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சால் ஒற்றி எடுக்கலாம். மண்ணிலிருந்து கொசுபோன்ற சிறு பூச்சிகள் எழுந்தால் மண் அளவுக்கு மீறி ஈரமாக இருக்கிறது என்று பொருள். புதிதாக வாங்கிய செடியை மற்றச் செடிகளோடு சேர்க்காமல் இரண்டு வாரங்கள் தனியே வைத்திருப்பது இவை அனைத்துக்கும் எளிய காப்பு.

தண்டிலிருந்து புதுச்செடி

நுனி கிள்ளும் காலத்தில் சற்று நீளமாகவே வெட்டினால், வெட்டியவற்றை நட்டுப் புதுச்செடிகளும் ஆக்கலாம். முற்றிக் கட்டையாகாத, 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளமுள்ள நுனித்தண்டை ஒரு கணுவுக்குக் கீழே வெட்டி, மேலே இரண்டு மூன்று இலைகளை மட்டும் விட்டுவிட்டுக் கீழிலைகளை நீக்க வேண்டும். வெட்டுவாயைத் தண்ணீரில் சில நிமிடங்கள் வைத்துப் பால் நின்றபின், வேரூக்கிப் பொடியில் தோய்த்து, ஈரமான நார்க்கழிவு–பெர்லைட் கலவையில் நட்டு, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறையால் மூடி, நேர்வெயில் படாத, 20 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பமுள்ள இடத்தில் வைக்க வேண்டும். நாளுக்கு ஒருமுறை உறையைச் சற்று நேரம் திறந்துவிட்டால் பூசணம் வராது. மூன்று நான்கு வாரங்களில் தண்டை இலேசாக இழுத்தால் மண்ணில் பிடிமானம் தெரியும். அதன் பிறகு உறையைச் சிறிது சிறிதாகத் திறந்து வெளிக்காற்றுக்குப் பழக்கி, தனித்தொட்டிக்கு மாற்றலாம்.

உறைபனி விழாத இடத்தில் வாழ்பவர்கள், தொட்டியில் பெருத்துவிட்ட செடியை நிலத்திலும் நடலாம். தண்ணீர் தேங்காத மேட்டில், பலத்த காற்று வீசாத பக்கமாக நட்டு, ஆண்டுதோறும் பூத்து முடிந்ததும் மூன்றில் ஒரு பங்காக வெட்டிவிட்டால் போதும். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பகலில் பார்த்து மட்டும் முடிவு செய்யாமல், இரவில் ஒருமுறை அங்கே நின்று பார்த்துக்கொள்ளுங்கள். வாசல் விளக்கின் ஒளியோ தெருவிளக்கின் ஒளியோ விழும் பக்கத்துக் கிளைகள் பச்சையாகவே நின்று, இருட்டான பக்கத்துக் கிளைகள் மட்டும் சிவக்கும்.